வயிற்றுப்போக்கு நோயாளிக்கு நார்மல் சலைனா, ரிங்கர் லாக்டேட்டா?

கேள்வி: அம்பை செவிலியர்

மருத்துவர்களுக்கும் மூத்த செவிலியர்களுக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் பணிபுரிகிறேன். எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழா நடக்கும் மாதங்களில், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒரே தெருவிலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்து வந்து படுப்பது வழக்கம். வந்தவுடன் வென்ஃப்ளான் (சிரைக்குள் வைக்கும் மெல்லிய குழாய்) போட்டு டிரிப் தொடங்குகிறோம். எந்த பாட்டிலை மாட்டுவது என்பது மட்டும் அன்றைக்குப் பணியில் இருக்கும் மருத்துவரைப் பொறுத்து மாறுகிறது.

அண்மையில் கடையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பீடி சுற்றும் அம்மா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகவே இறங்கும் நிலை. நாடித் துடிப்பு 124, மேல் இரத்த அழுத்தம் 80. நார்மல் சலைன் எழுதப்பட்டு, மதியத்திற்குள் மூன்று லிட்டருக்கு மேல் இறங்கியது. அழுத்தம் 110க்கு வந்தது, சிறுநீரும் பிரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றிருந்த நேரத்தில், மாலையில் அவருக்கு மூச்சு வழக்கத்தைவிட ஆழமாகவும் வேகமாகவும் வரத் தொடங்கியது. நுரையீரலில் இரைச்சல் இல்லை, ஆக்சிஜன் அளவு 98. இரத்த அறிக்கையில் குளோரைடு 119, பைகார்பனேட் 12. இரவுப் பணிக்கு வந்த மருத்துவர் சலைனை நிறுத்தி ரிங்கர் லாக்டேட் மாட்டச் சொன்னார். விடியும்போது மூச்சு இயல்பாகியிருந்தது.

என் ஐயங்கள் இரண்டு. இரண்டு பாட்டிலும் உப்புத் தண்ணீர்தானே என்று எண்ணியிருந்தேன், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அடுத்தது, ரிங்கர் லாக்டேட் பாட்டிலின் ஒட்டுத்தாளில் 100 மில்லிக்கு சோடியம் குளோரைடு 0.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.04 கிராம், கால்சியம் குளோரைடு 0.027 கிராம், சோடியம் லாக்டேட் 0.32 கிராம் என்று போட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளி என்றாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றாலும் இந்தப் பொட்டாசியத்தையும் லாக்டேட்டையும் காரணம் காட்டி அதைத் தொடவே கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது சரிதானா? காரணத்தோடு விளக்கினால் எங்கள் வார்டில் உள்ள புதிய பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க உதவியாக இருக்கும்.

மறுமொழி: பாளை பொதுமருத்துவர்

சிஸ்டர், அந்த அம்மாவின் மாலை நேர மூச்சைக் கவனித்து, நுரையீரலையும் ஆக்சிஜனையும் பார்த்து, இரத்த அறிக்கையோடு பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு விடை அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

நம் இரத்த நீரில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அலகு), குளோரைடு சுமார் 98 முதல் 106 மில்லிமோல். அதாவது குளோரைடு எப்போதும் சோடியத்தைவிட ஏறக்குறைய 40 குறைவு. அந்த இடைவெளியின் பெரும்பகுதியை நிரப்புவது, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட். நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் சமையல் உப்பு, ஆகவே சோடியமும் 154, குளோரைடும் 154. சோடியம் இரத்தத்தைவிடச் சற்றுதான் அதிகம், குளோரைடோ ஒன்றரை மடங்கு. பெயரில் நார்மல் இருந்தாலும் உடம்பின் கணக்கில் அது நார்மல் அல்ல. நீங்கள் எழுதிய ஒட்டுத்தாளின் கிராம் கணக்கை மாற்றிப் பார்த்தால், ரிங்கர் லாக்டேட்டில் சோடியம் 131, பொட்டாசியம் 5, கால்சியம் 2, குளோரைடு 111, லாக்டேட் 29 என்று வரும். குளோரைடைக் குறைத்து, அந்த இடத்தில் லாக்டேட்டை வைத்திருக்கிறார்கள். அந்த லாக்டேட்டைக் கல்லீரல் எரித்து முடிக்கும்போது பைகார்பனேட் கிடைக்கிறது. கல்லீரல் ஓரளவு வேலை செய்தாலே போதும், இந்த மாற்றம் நடந்துவிடும்.

இனி வயிற்றுப்போக்கில் வெளியேறுவது என்ன என்று பாருங்கள். வெறும் தண்ணீராகப் போகும் கடும் பேதியில், மலத்தோடு சோடியமும் பொட்டாசியமும் போவதோடு, இரத்தத்தில் இருப்பதைவிடச் செறிவான பைகார்பனேட்டும் போகிறது. ஆகவே நோயாளி மருத்துவமனை வாசலை மிதிக்கும்போதே அவருடைய இரத்தத்தில் பைகார்பனேட் குறைந்து, குளோரைடு கூடித்தான் இருக்கும். அந்த நிலையில் மூன்று லிட்டர் சலைன் ஏற்றினால் 462 மில்லிமோல் குளோரைடு உள்ளே போகிறது, பைகார்பனேட் ஒரு துளியும் போவதில்லை. அதே மூன்று லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்றால் குளோரைடு 333, அதோடு பைகார்பனேட்டாக மாறக்கூடிய 87 மில்லிமோல் லாக்டேட். அந்த அம்மாவுக்கு நீரிழப்பு சரியானது, அமிலத்தன்மை சரியாகவில்லை, சலைனால் இன்னும் கூடியது. கூடிய அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளத்தான் உடம்பு மூச்சை ஆழமாக இழுத்தது. நுரையீரல் தெளிவாக இருந்தும் மூச்சு வேகமாக இருந்ததற்குக் காரணம் அதுவே.

சிறுநீரகத்தின் மீதும் குளோரைடுக்குத் தனியான விளைவு உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 2012இல் வெளியான ஆய்வொன்றில், நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கு இரண்டு லிட்டர் சலைனையும், வேறொரு நாளில் இரத்த நீரை ஒத்த பிளாஸ்மாலைட் என்ற கரைசலை இரண்டு லிட்டரும் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். சலைன் ஏறியபோது சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணிக்குச் செல்லும் இரத்தம் குறைந்தது, பிளாஸ்மாலைட் ஏறியபோது அப்படிக் குறையவில்லை. ஏற்கெனவே நீரிழப்பால் சிறுநீரகம் வாடிப்போயிருக்கும் நம் நோயாளிக்கு அந்தக் குறைவு கூடுதல் சுமைதான்.

ரிங்கர் லாக்டேட் உருவான கதையே இந்த நோயைச் சார்ந்ததுதான். சிட்னி ரிங்கர் 1880களில் தவளை இதயத்தைத் துடிக்கவைக்கக் கண்டறிந்த கரைசலோடு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் லாக்டேட்டைச் சேர்த்தது, நோயுற்ற குழந்தைகளின் இரத்தத்தில் கூடும் அமிலத்தன்மையைச் சரிசெய்வதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனமும் கடும் நீரிழப்புக்கு ரிங்கர் லாக்டேட்டை முதலாகவும், அது கிடைக்காவிட்டால் நார்மல் சலைனையும் பரிந்துரைக்கிறது. வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை (குளுக்கோஸ் கரைசலை)க் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப்பக்கம் உறவினர்கள் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்” என்று கேட்கும்போது, அவர்கள் மனம் நிறையட்டும் என்று சில இடங்களில் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை மாட்டிவிடுகிறார்கள். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதை உடம்பு எரித்தவுடன் மிஞ்சுவது உப்பில்லாத வெறும் தண்ணீர். இரத்தக் குழாயில் தங்காமல் திசுக்களுக்குள் பரவிவிடும் அந்தத் தண்ணீரால் அழுத்தம் ஏறாது, சோடியம்தான் இறங்கும். உப்பையும் இழந்து தவிக்கும் நோயாளிக்கு அது தீங்கு.

சர்க்கரை நோயாளியைப் பற்றிய ஐயத்துக்கும் கணக்கே விடை சொல்லும். இரண்டு லாக்டேட் சேர்ந்தால்தான் ஒரு குளுக்கோஸ். ஒரு லிட்டரில் உள்ள 29 மில்லிமோல் லாக்டேட் முழுவதும் குளுக்கோஸாக மாறினாலும் கிடைப்பது 2.6 கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை அளவுகூட இல்லாத இதற்கு அஞ்சி, அமிலத்தன்மையோடு வந்த சர்க்கரை நோயாளிக்கு லிட்டர் லிட்டராகச் சலைன் ஏற்றுவது எனக்கு ஏற்புடையதல்ல. அதேபோல லாக்டேட் என்றவுடன் லாக்டிக் அமிலம் என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டிலில் இருப்பது சோடியம் லாக்டேட், அது அமிலத்தைக் கூட்டுவதில்லை. கல்லீரல் முற்றிலும் செயலிழந்தவர், சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினால் லாக்டிக் அமிலம் தேங்கியவர் போன்ற சிலரிடம் மட்டும் கவனம் வேண்டும்.

மறுமொழி: தென்காசி மயக்கவியல் மருத்துவர்

பாளை மருத்துவர் சொன்னதில் வயிற்றுப்போக்கைப் பொறுத்தவரை எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இதைப் படிக்கும் இளையவர்கள், சலைன் கெட்டது, ரிங்கர் லாக்டேட் நல்லது என்று எல்லா நோயாளிக்கும் பொருத்திக்கொண்டால் அது வேறு விதமான தவறில் போய் முடியும் என்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பெரிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவின் 15,802 பேர் இருந்தார்கள். 30 நாளுக்குள் இறப்பு, புதிதாக டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, சமநிலைக் கரைசல் (ரிங்கர் லாக்டேட், பிளாஸ்மாலைட் போன்றவை) பெற்றவர்களில் 14.3 சதவீதம், சலைன் பெற்றவர்களில் 15.4 சதவீதம். சிறிய வேறுபாடு, ஆனாலும் நூற்றுக்கு ஒருவர் என்பது வார்டில் பெரிய எண். அதன் பிறகு பிரேசிலின் பேசிக்ஸ் ஆய்வு 2021இல் வந்தது. அதில் 90 நாள் இறப்பு பிளாஸ்மாலைட் பெற்றவர்களில் 26.4, சலைன் பெற்றவர்களில் 27.2. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் பிளஸ் ஆய்வு 2022இல் வந்தது. அதில் அதே வரிசையில் 21.8, 22.0 சதவீதம். இந்த இரண்டிலும் வேறுபாடு உறுதிப்படவில்லை. என் கணிப்பு இதுதான்: ஒன்றரை லிட்டருக்குள் முடிந்துவிடும் நோயாளிக்கு எந்தப் பாட்டில் என்பது பெரிதாகப் பொருட்டல்ல. நான்கைந்து லிட்டர் போகப்போகிறது, ஏற்கெனவே அமிலத்தன்மை இருக்கிறது என்றால் மிகவும் பொருட்டு. பேதி நோயாளி இந்த இரண்டாவது கூட்டத்தில் வருகிறார், அவ்வளவுதான்.

சலைனே வேண்டிய இடங்களும் இருக்கின்றன. முதலாவது தலைக்காயம். நான்கு வழிச்சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வருபவருக்கு ரிங்கர் லாக்டேட்டை நான் மாட்டுவதில்லை. அதன் சோடியம் 131, கரைந்துள்ள துகள்களின் மொத்தச் செறிவு ஏறத்தாழ 275, இரண்டுமே இரத்தத்தைவிடக் குறைவு என்பதால் வீங்கும் மூளைக்குள் தண்ணீர் இன்னும் இழுக்கப்படும். பேசிக்ஸ் ஆய்விலும் தலைக்காயம் பட்டவர்களில் பிளாஸ்மாலைட் பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாகவே இருந்தது. அடுத்து, பேதியில்லாமல் நாள் கணக்கில் வாந்தி மட்டுமே எடுத்தவர். வாந்தியில் வெளியேறுவது இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அவருக்குக் குளோரைடு குறைந்து, இரத்தம் காரத்தன்மை பக்கம் போயிருக்கும். பேதி நோயாளிக்குத் தொல்லை தந்த அதே குளோரைடு இவருக்கு மருந்து, ஆகவே சலைனும் தேவைப்படும் பொட்டாசியமுமே சரி. வாந்தியும் பேதியும் சேர்ந்து வருபவரிடம் எது மிகுதி என்று கேட்டறிந்து முடிவெடுக்க வேண்டும். இந்தக் கேள்வியை வந்தவுடன் கேட்டுக் குறித்துவைப்பது பெரும்பாலும் சிஸ்டர்மார்தான், அந்தக் குறிப்பு எங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிளாஸ்மாலைட் பற்றி ஒரு வார்த்தை. சோடியம் 140, பொட்டாசியம் 5, மக்னீசியம் 1.5, குளோரைடு 98, லாக்டேட்டுக்குப் பதில் அசிட்டேட் 27, குளுக்கோனேட் 23. இரத்த நீருக்கு மிக நெருக்கமானது, கால்சியம் இல்லாததால் இரத்தம் ஏற்றும் குழாயிலும் இடையூறில்லை. ஆனால் அதன் விலை பல மடங்கு. கொடையில் சாப்பிட்டுப் பேதியான குடும்பத்தில் ஐந்து பேருக்கு அதை வாங்கிவரச் சொல்லி எழுதிக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ரிங்கர் லாக்டேட் அவர்களுக்கு நிறைவாகப் போதும்.

மறுமொழி: வள்ளியூர் குழந்தை மருத்துவர்

குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பாட்டில் எது என்பதைவிட எவ்வளவு, எத்தனை நேரத்தில் என்பதுதான் குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கிறது.

கடும் நீரிழப்புள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம், எடையில் கிலோவுக்கு மொத்தம் 100 மில்லி. ஒரு வயது நிறையாத குழந்தை என்றால் முதல் 30 மில்லியை ஒரு மணி நேரத்திலும், மீதி 70 மில்லியை ஐந்து மணி நேரத்திலும் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதல் 30 மில்லி அரை மணி நேரத்தில், மீதி 70 மில்லி இரண்டரை மணி நேரத்தில். பத்துக் கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு முதல் அரை மணியில் 300 மில்லி, அடுத்த இரண்டரை மணியில் 700 மில்லி. பெரியவர்களுக்கும் இந்த வேகமே, ஐம்பது கிலோ உள்ள ஒருவருக்கு மூன்று மணி நேரத்தில் ஐந்து லிட்டர் என்று கணக்கு வரும். இவ்வளவு வேகமா என்று தயங்கி, நாடி கிடைக்காத நோயாளிக்கு மணிக்கு நூறு மில்லி என்று சொட்டவிடும் வழக்கத்தால் சிறுநீரகம் கெடுகிறது. முதல் பகுதியைக் கொடுத்த பிறகும் நாடி மெலிவாக இருந்தால் அதே அளவை மீண்டும் ஒரு முறை கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பேதியால் வந்த நீரிழப்புக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். கடுமையாக மெலிந்து ஊட்டச்சத்தின்றி இருக்கும் குழந்தைக்கு இந்த வேகம் இதயத்தைத் திணறச் செய்யும். காய்ச்சலோடு சோர்ந்து வரும் குழந்தைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக ஏற்றக் கூடாது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் நடந்து 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில், காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவுமாக வந்த குழந்தைகளுக்கு வேகமாக ஏற்றியபோது 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம்மிடம் வரும் டெங்குக் குழந்தைகளும் இப்படித்தான். அங்கே நீர் வெளியே போவதில்லை, இரத்தக் குழாயிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்குகிறது. சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ எதுவாயினும், அதிர்ச்சி நிலைக்குப் போகாத குழந்தைக்குக் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி என்று தொடங்கி, ஹீமட்டோகிரிட்டை (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை)ப் பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கசிவு ஓய்ந்து, தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்பும் நேரத்தில் பழைய வேகத்திலேயே டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை விழுங்கத் தொடங்கியவுடன், டிரிப் ஓடும்போதே, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியால் கொடுக்கத் தொடங்குங்கள். ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் 5 மட்டுமே, குளுக்கோஸ் இல்லை. ஓ.ஆர்.எஸ்.ஸில் சோடியம் 75, பொட்டாசியம் 20, குளுக்கோஸ் 75, சிட்ரேட் 10. மலத்தில் போகும் பொட்டாசியத்தை ஈடுசெய்வது இதுதான். 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் முகாமில் காலராவால் துவண்டபோது டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்துத்தான் இறப்பைப் பெருமளவு குறைத்தார். வாந்தி நின்று, உட்கார்ந்து குடிக்க முடிகிற நோயாளிக்கு இன்னும் இரண்டு பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்த நிறைவு என்று எண்ணும் பழக்கத்தை நாம்தான் மாற்ற வேண்டும். பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துக் கரைக்காமல், முழுப் பொட்டலத்தையும் அதில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் கரைக்கும்படி தாயின் கையிலேயே செய்யவைத்துக் காட்டி அனுப்புங்கள்.

அம்பை செவிலியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குளோரைடு கணக்கைக் காகிதத்தில் போட்டு வார்டில் ஒட்டியிருக்கிறேன். சிறுநீரகக் கோளாறு பற்றிய ஐயம் மட்டும் இன்னும் தீரவில்லை. கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் கூடும் இரத்த அளவு) 3, பொட்டாசியம் 5.6 என்று அறிக்கை உள்ள ஒருவர் பேதியோடு வந்தால், பொட்டாசியம் இருக்கும் பாட்டிலை மாட்டக் கை வரவில்லை.

பாளை பொதுமருத்துவர்

உங்கள் தயக்கம் இயல்பானது சிஸ்டர். அதையும் எண்ணிக்கையில் பார்ப்போம். நோயாளியின் இரத்தத்தில் பொட்டாசியம் 5.6. உள்ளே போகும் கரைசலில் 5. இரத்தத்தைவிடக் குறைந்த செறிவுள்ள கரைசல் கலந்து, இரத்தத்தின் செறிவு எப்படிக் கூடும்? ஒரு லிட்டரில் இருப்பது மொத்தமே 5 மில்லிமோல். உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் மிகப் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள் அடைந்திருக்கிறது. சலைனால் இரத்தத்தின் அமிலத்தன்மை கூடும்போது அது உயிரணுக்களிலிருந்து வெளியே வருகிறது. ஆகவே பொட்டாசியமே இல்லாத சலைன்தான் பொட்டாசியத்தை உயர்த்துகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு, அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கே, இரண்டையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். சலைன் பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்குப் பொட்டாசியம் 6ஐத் தாண்டியது. ரிங்கர் லாக்டேட் பெற்றவர்களில் ஒருவருக்கும் தாண்டவில்லை.

பொட்டாசியம் 6.5ஐத் தாண்டி, இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிபவரை நாம் வேறு விதமாக நடத்த வேண்டும், கால்சியம் குளுக்கோனேட்டும் இன்சுலினும் அங்கே முதல் வேலை. நீங்கள் சொன்ன 5.6 நோயாளிக்கு ரிங்கர் லாக்டேட்டைத் தயங்காமல் மாட்டலாம். அவரிடம் அஞ்ச வேண்டியது அளவுக்கு மீறி ஏறும் தண்ணீருக்குத்தான். சிறுநீர் பிரியாத ஒருவருக்கு எந்தப் பாட்டிலும் நுரையீரலில் தேங்கும். ஆகவே ஒவ்வொரு 500 மில்லிக்கும் நின்று, கழுத்துச் சிரையையும் நுரையீரல் அடிப்பகுதியையும் பார்த்து, சிறுநீரை மணிக்கு இவ்வளவு என்று அளந்து எழுதி, அதன் பிறகே அடுத்த பாட்டில். மருத்துவரிடம் கேட்கும்போது கணக்கோடு கேளுங்கள், பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள்.

மறுமொழி: சங்கரன்கோவில் மருந்தாளுநர்

மருத்துவர்கள் பேசும் இடத்தில் மருந்தகத்தின் பக்கமிருந்து சில சொற்கள். ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியத்தை யாரும் விரிவாகத் தொடவில்லை. பேதியோடு காய்ச்சலும் இருந்தால் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி எழுதப்படுவது வழக்கம். அந்த மருந்தும் கால்சியமும் ஒரே குழாயில் சந்தித்தால் கரையாத படிவு உண்டாகும். பெரியவர்களுக்கு, டிரிப்பை நிறுத்தி, குழாயைச் சலைனால் நன்கு கழுவி, மருந்தைச் செலுத்தி, மீண்டும் கழுவிய பிறகு ரிங்கர் லாக்டேட்டைத் தொடரலாம். செஃப்ட்ரியாக்சோன் தூளை ரிங்கர் லாக்டேட்டில் கரைக்கவே கூடாது. பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு, கால்சியம் உள்ள கரைசல் ஏறுகிறது என்றால் செஃப்ட்ரியாக்சோனைக் கழுவிவிட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, வேறு மருந்துதான். இரத்தம் ஏற்றும் குழாயிலும் ரிங்கர் லாக்டேட் வேண்டாம், இரத்தப் பையில் உறையாமல் காக்கும் சிட்ரேட்டைக் கால்சியம் செயலிழக்கச் செய்யும் என்பதால் அங்கே சலைன்தான்.

அம்பை செவிலியர்

அண்ணாச்சி, மிக்க நன்றி. பேதி நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்து, பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கச் சொல்லும்போது எங்கள் வார்டில் ஆளுக்கொரு முறை இருக்கிறது. அதையும் தெளிவாக்குங்கள்.

சங்கரன்கோவில் மருந்தாளுநர்

நம்மிடம் வரும் பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பியூல் (சிறு மருந்துக் குப்பி) 15 சதவீதக் கரைசல், ஒன்றில் 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அதை நேரடியாகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும், ஆகவே அது மற்ற ஆம்பியூல்களோடு ஒரே தட்டில் இருக்கவே கூடாது, தனிப் பெட்டியில் சிவப்பு ஒட்டுத்தாளோடு வையுங்கள். கைச் சிரை வழியாக என்றால் ஒரு லிட்டரில் 40 மில்லிமோலுக்கு மேல் சேர்க்க வேண்டாம், அதாவது 500 மில்லி பாட்டிலுக்கு ஓர் ஆம்பியூல். வேகம் மணிக்கு 10 மில்லிமோல், ஆகவே அந்த 500 மில்லி பாட்டில் இறங்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண டிரிப் செட்டில் அது நிமிடத்துக்கு 83 சொட்டு. நோயாளி ஒரு முறையாவது சிறுநீர் கழித்த பிறகே தொடங்க வேண்டும். நீரிழப்பை ஈடுசெய்ய வேகமாக ஓடும் பாட்டிலில் இதைச் சேர்க்கவே கூடாது, அதற்கு வேறொரு சிரையில் தனி டிரிப் போடுங்கள். கவனிக்கப்படாமல் போவது கலக்கும் முறைதான். பொட்டாசியக் கரைசல் கனமானது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் செலுத்தினால் அடியில், குழாயின் வாயருகே அப்படியே தங்கி, முதல் சில நிமிடங்களில் மொத்தமாக இறங்கிவிடும். பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றி, மேசையில் வைத்து, ஆம்பியூலைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலந்து, என்ன சேர்த்தீர்கள், எத்தனை மணிக்கு, யார் சேர்த்தது என்று ஒட்டுத்தாளில் எழுதிய பிறகே மாட்டுங்கள்.